பழைய லொறியின் அம்மீட்டர்: அந்த ஊசி எதைச் சொல்கிறது?

பெரும்போக அறுவடை தொடங்கியிருந்த நேரம். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையின் முற்றத்தில் பழைய பெட்போர்ட் லொறி ஒன்று நின்றது. அதன் டாஷ்போர்டில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு வட்டக் கண்ணாடி, அதுதான் அம்மீட்டர். உள்ளே ஓர் ஊசி. நடுவில் பூச்சியம், வலப்பக்கம் பிளஸ் 30 அம்பியர், இடப்பக்கம் மைனஸ் 30. பகலில் அந்த ஊசி பூச்சியத்தில் தூங்கும். இரவில் முன்விளக்கைப் போட்டால் மைனஸ் எட்டுக்குப் போய் அங்கேயே கிடக்கும். பிளஸ் பக்கத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

“தம்பி, பற்றரி மூன்று மாற்றிவிட்டேன். ஊசி மட்டும் மாறவில்லை” என்றார் முதலாளி.

முதல் பற்றரி வயதாகிச் செத்தது. அடுத்த இரண்டும் ஊசியை நம்பிக் கழற்றப்பட்டவை. இயந்திரத்தை ஓடவிட்டுப் பற்றரியின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்தேன். 14.1 வோல்ட் காட்டியது. சார்ஜ் ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. அதற்காக ஊசி பொய் சொன்னது என்றும் சொல்ல முடியாது. தன் வழியாக ஓடியதைத்தான் அது காட்டிக்கொண்டிருந்தது. எது அதன் வழியாக ஓட வேண்டும் என்பதில்தான் யாரோ ஒரு கை பிசகியிருந்தது.

இந்தப் பிசகை இலங்கையின் கிழக்கில் அடிக்கடி காண்கிறேன். புதிய லொறி வாங்குவது எல்லோருக்கும் இயல்வதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்பு மூலையில் கிடந்த வண்டிகள்கூட மீண்டும் நெல் மூடை ஏற்றப் புறப்பட்டன. அவற்றைத் திருத்தும் இளம் கைகள் பலவற்றுக்கு அம்மீட்டர் பழக்கமில்லை. அவர்கள் படித்த வண்டிகளில் சிவப்புப் பற்றரி விளக்கு மட்டுமே இருந்தது. ஆகவே இரண்டு வயரையும் பிடுங்கி ஒன்றாக முறுக்கி, மீட்டரை வெறும் அலங்காரமாக விட்டுவிடுகிறார்கள். அப்படி முறுக்கியவர் பாதிப் பாவம்தான் செய்தவர். புரியாமல் இணைத்தவர் வண்டியையே எரித்துவிடக்கூடும்.

பாலத்தில் நிற்கும் ஆள்

அம்மீட்டரைப் பள்ளிப் புத்தகம் அம்பியர்மானி என்கிறது. அதற்கும் வோல்ட்மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டக்களப்பாருக்குச் சொல்ல வாவியே போதும். மாரியில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் கல்லடிப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். நீர் கடலை நோக்கிப் போகிறதா, கடலிலிருந்து வாவிக்குள் ஏறுகிறதா, வேகமாகவா மெதுவாகவா என்பதெல்லாம் தெரியும். ஆனால் வாவியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது அந்த ஓட்டத்தைப் பார்த்துத் தெரியாது. அதற்குக் கரையோரம் ஓர் அளவுகோல் நட வேண்டும். அம்மீட்டர் பாலத்தில் நிற்கும் ஆள். வோல்ட்மீட்டர் கரையில் நட்ட கோல்.

ஆகவே அம்மீட்டரின் மைனஸ் என்பது “பற்றரி பழுது” என்ற செய்தி அல்ல. பற்றரியிலிருந்து மின்னோட்டம் வெளியே போகிறது என்பதே அதன் பொருள். பிளஸ் என்றால் பற்றரிக்குள் போகிறது. நடுவில் நின்றால் போவதும் இல்லை, வருவதும் இல்லை. வண்டிக்கு வேண்டியதை, இயந்திரம் சுழற்ற மின் பிறப்பிக்கும் டைனமோவே கொடுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது வண்டி முழுவதும் அணைந்து கிடக்கிறது. நிறைந்த பற்றரியிலும் ஊசி பூச்சியத்தில் நிற்கும், செத்துப்போன பற்றரியிலும் பூச்சியத்தில் நிற்கும். நிறைவைக் கேட்க அது சரியான ஆள் அல்ல.

பாலத்து உவமையிலிருந்து இன்னொன்றும் வருகிறது. கோலை நீரோட்டத்துக்குப் பக்கத்தில் நட்டால் போதும். ஓட்டத்தை அளப்பவனோ முழு நீரையும் தன் காலடியால் போக விட வேண்டும். வோல்ட்மீட்டரைப் பற்றரியின் இரு முனைக்கும் குறுக்கே வைக்கலாம், அதன் உட்தடை பெரிது. அம்மீட்டருக்குள் தடை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அதைப் பற்றரியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே இணைப்பது, தடித்த ஸ்பானரைப் பற்றரி மேல் போடுவதற்குச் சமம். நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். ஊசி ஓரத்தில் மோதி வளையும், வயர் புகையும், மீட்டர் போகும். சில வேளை அதோடு நிற்காது.

கண்ணாடிக்குப் பின்னால்

பழைய மீட்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சுருள் இல்லை, பல்சக்கரம் இல்லை. இரண்டு பித்தளை ஆணிகளை இணைக்கும் ஒரு தடித்த உலோகப் பட்டை, அதற்கு அருகே சிறிய நிலைக்காந்தம், நடுவே அச்சில் சுழலும் மெல்லிரும்புத் துண்டு, அதில் ஒட்டிய ஊசி. பெரும்பாலான மலிவு மீட்டர்கள் இவ்வளவுதான்.

1820இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் ஒரு கம்பியில் மின்னை ஓடவிட்டபோது பக்கத்திலிருந்த திசைகாட்டியின் ஊசி விலகுவதைக் கண்டார். லொறியின் டாஷ்போர்டில் இருப்பது ஏறத்தாழ அதே சோதனைதான். ஓட்டம் இல்லாதபோது நிலைக்காந்தம் இரும்புத் துண்டைப் பூச்சியத்தில் பிடித்து வைத்திருக்கிறது. பட்டையில் மின் ஓடினால் அதைச் சுற்றி எழும் காந்தப்புலம் துண்டை ஒரு பக்கம் இழுக்கிறது. ஓட்டம் திசை மாறினால் இழுப்பும் மறுபக்கம் திரும்புகிறது. நடுவில் பூச்சியம் வைத்து இருபக்கமும் காட்ட முடிவதன் இரகசியம் இதுவே.

இந்த எளிமையிலிருந்து சில விளைவுகள் வருகின்றன. முதலாவது, இந்த மீட்டருக்கு வோல்ட் கணக்கு இல்லை. 12 வோல்ட் பெட்போர்டில் இருந்ததை 24 வோல்ட் டீசல் வண்டியில் போடலாம், அதன் எண்கள் மாறாது. உள்ளே எரியும் சிறு பல்பை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டாவது, நிலைக்காந்தம் வயதாகி வலுவிழந்தால் ஊசியைப் பிடித்து வைக்கும் கை தளர்கிறது. மீட்டர் குறைத்துக் காட்டாது, கூட்டிக் காட்டும். பத்து அம்பியருக்குப் பதினைந்து சொல்லும் கிழட்டு மீட்டர்கள் இருக்கின்றன. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய மீட்டர் வாங்குபவர்கள் கண்ணாடியின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பின்பக்கத்து ஆணிகளை. விரலால் திருகும்போது ஆணி சுழன்றால் உள்ளே இருக்கும் காப்பு வாஷர் நொறுங்கிவிட்டது. அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வேறொரு வகையும் உண்டு. பழைய ஃபோர்ட் வண்டிகள் சிலவற்றில் மீட்டரின் பின்னால் ஆணிகளே இருக்காது. ஒரு வளையம் மட்டும் இருக்கும், பிரதான வயர் அறுபடாமல் அதற்குள் நுழைந்து மறுபக்கம் போகும். கம்பியைச் சுற்றியுள்ள புலமே ஊசியை அசைக்கிறது. இணைப்பு தளர்ந்து சூடாகும் தொல்லை அதில் இல்லை. ஏன் எல்லோரும் அதையே செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத காரியம்.

ஒரு பக்கம் பற்றரி, மறுபக்கம் மற்றதெல்லாம்

வயரிங்கில் மனத்தில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். அம்மீட்டரின் ஓர் ஆணியில் பற்றரி மட்டும் இருக்க வேண்டும். டைனமோவோ, அதன் இடத்தில் பிற்கால வண்டிகளில் வரும் ஒல்டனேட்டரோ, இக்னிஷன் சுவிட்ச், விளக்குகள், பியூஸ் பெட்டி எல்லாம் மற்ற ஆணியின் பக்கம் சேர வேண்டும். அப்போதுதான் பற்றரிக்குள் போவதும் வருவதும் பாலத்தைக் கடந்தாக வேண்டும்.

ஸ்டார்ட்டர் இதற்கு விலக்கு. அது இழுப்பது 200 அம்பியர், டீசலில் அதற்கும் மேல். பற்றரியிலிருந்து பெருவிரல் பருமனான கேபிள் நேரே அதற்குப் போகிறது. அதை அம்மீட்டர் வழியாக அனுப்ப நினைப்பவருக்கு மீட்டர் மிஞ்சாது. பல வண்டிகளில் ஹோர்னும் பற்றரிப் பக்கத்திலேயே எடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஊசி துள்ளி ஓரத்தில் மோதாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

சம்மாந்துறை லொறிக்கு நடந்தது இதுதான். டைனமோ தேய்ந்து, அதன் இடத்தில் ஒரு ஜப்பானிய ஒல்டனேட்டர் பூட்டப்பட்டது. பழைய டைனமோ வயர் மெல்லியது என்று எண்ணிய திருத்துநர் பாஸ், ஒல்டனேட்டரின் தடித்த வயரை மிக அருகில் கிடைத்த இடத்தில் முடித்துவிட்டார். அது ஸ்டார்ட்டரில் பற்றரிக் கேபிள் வந்து சேரும் ஆணி. மின்னியல் கணக்கில் அந்த ஆணியும் பற்றரியும் ஒன்றே. சார்ஜ் பாலத்தைத் தொடாமல் படகில் வந்து இறங்கிவிட்டது. பாலத்தைக் கடந்து போனவை விளக்குக்கான எட்டு அம்பியர் மட்டுமே. ஊசி பார்த்ததைச் சொன்னது, முதலாளி பற்றரி வாங்கினார்.

இதன் எதிர்ப்பிசகு இன்னும் நயமானது. நம் லொறிகளுக்கு அலங்கார விளக்கும் பாட்டும் இல்லாமல் ஓட முடியாது. பிற்காலத்தில் சேர்க்கும் இவை எல்லாவற்றையும் பற்றரியின் முனையிலேயே நேரடியாகக் கொழுவுவார்கள். இயந்திரம் ஓடும்போது அவற்றுக்கான மின் டைனமோவிலிருந்து புறப்பட்டு, அம்மீட்டரைப் பிளஸ் திசையில் கடந்து, பற்றரியின் முனைக்கு வந்து, அங்கிருந்து அலங்கார விளக்குக்குப் போகிறது. ஊசி பிளஸ் எட்டு என்று சிரிக்கும். சாரதி சார்ஜ் ஏறுவதாக நினைத்து மகிழ்ந்து போவார். பற்றரிக்குள் ஒரு சொட்டும் போயிருக்காது. கூடுதல் விளக்குகளை அம்மீட்டரின் மறுபக்கத்தில், தனிப் பியூசோடு எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு ஆணியில் எது எதற்கு என்பது அடுத்த கேள்வி. நெகட்டிவ் எர்த் வண்டியில், அதாவது பற்றரியின் மைனஸ் சேசியில் பூட்டப்பட்ட வண்டியில், பொதுவாக மைனஸ் ஆணிக்குப் பற்றரியும் பிளஸ் ஆணிக்கு மற்றவையும் வரும். ஆனால் குறியை நம்பத் தேவையில்லை. இணைத்துவிட்டு, இயந்திரத்தை ஓட்டாமல் முன்விளக்கைப் போடுங்கள். ஊசி மைனஸ் பக்கம் போனால் சரி. பிளஸ் பக்கம் போனால் இரு வயரையும் மாற்றிப் போடுங்கள். மாறிப் போட்டதால் மீட்டருக்கு எந்தச் சேதமும் இல்லை.

1950களின் பிரித்தானிய வண்டிகள் பல பொசிட்டிவ் எர்த் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பற்றரியின் பிளஸ்தான் சேசியில் பூட்டப்பட்டிருக்கும். ஒல்டனேட்டர் போடுவதற்காக அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றும்போது அம்மீட்டர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊசி தலைகீழாகப் பேசும். டைனமோவையே வைத்துக்கொண்டு எர்த்தை மட்டும் மாற்றுபவர்கள் டைனமோவின் வயர்களைக் கழற்றிவிட்டு, பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை அதன் சிறிய முனையில், அதாவது எஃப் முனையில், ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். டைனமோவின் இரும்பில் தங்கியிருக்கும் காந்தம் அப்போதுதான் திசை மாறும்.

ஊசியோடு பேசிப் பழகுதல்

அம்மீட்டரை ஏன் இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், என் பதில் இந்தப் பகுதிதான். சிவப்பு விளக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். வோல்ட்மீட்டர் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும்: இயந்திரம் நின்றிருக்கும்போது 12.6 என்றால் பற்றரி நிறைவு, ஓடும்போது 14 வோல்ட்டை அண்டி நின்றால் சார்ஜ் ஏறுகிறது. அம்மீட்டரோ கதை சொல்லும்.

காலையில் ஸ்டார்ட் எடுத்தவுடன் ஊசி பிளஸ் பத்து, பதினைந்துக்குத் தாவும். சில நிமிடங்களில் இறங்கி, பூச்சியத்துக்கு ஒரு மயிரிழை வலப்பக்கம் வந்து நிற்கும். இதற்குக் கணக்கு இருக்கிறது. ஸ்டார்ட்டர் 200 அம்பியரை ஐந்து விநாடி இழுத்தால் 1000 அம்பியர் விநாடி செலவு. பத்து அம்பியரில் அதைத் திருப்பிக் கொடுக்க 100 விநாடி போதும். பற்றரி வாங்குவதில் கொஞ்சம் வீணாகும், ஆகவே இரண்டு மூன்று நிமிடம் என்று வையுங்கள். அரை மணி நேரமாகியும் ஊசி இறங்காவிட்டால் இரவில் ஏதோ ஒன்று பற்றரியைக் குடித்திருக்கிறது. நாள் முழுவதும் இறங்காமல், பற்றரியிலிருந்து அமில மணமும் வந்தால், சார்ஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது அல்லது பற்றரியின் ஓர் அறை உள்ளே குறுஞ்சுற்றாகிவிட்டது.

டைனமோ வண்டியில் சந்தியில் நிற்கும்போது விளக்கு எரிந்தால் ஊசி மைனஸ் பக்கம் சாய்வது இயல்பு. மெதுவாகச் சுழலும் டைனமோவால் விளக்கைத் தாங்க முடியாது. அக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊசி பூச்சியத்தைக் கடந்து பிளஸுக்கு வருவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, பழைய சாரதிகளைக் கேட்டுப் பாருங்கள். ஊசி ஓட்டத்தில் நடுங்கினால் பெல்ட் வழுக்குகிறது அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

பெட்ரோல் வண்டிக்காரருக்கு மட்டும் இன்னொரு வித்தை. இக்னிஷன் சாவியைத் திருப்பி, கைபிடியால் இயந்திரத்தை மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். ஊசி பூச்சியத்துக்கும் மைனஸ் மூன்றுக்கும் இடையில் தலையாட்ட வேண்டும். பொயின்ட் எனும் தொடுமுனை மூடும்போது இக்னிஷன் கொயில் மூன்று, நான்கு அம்பியர் இழுக்கிறது, திறக்கும்போது விடுகிறது. தலையாட்டாமல் பூச்சியத்திலேயே நின்றால் பொயின்ட் தொடவில்லை அல்லது கொயிலுக்கு மின் போகவில்லை. மைனஸிலேயே நின்றால் பொயின்ட் திறக்கவில்லை. கரடியனாற்றுப் பக்கம் நடுவழியில் நின்ற வண்டிக்கு வோல்ட்மீட்டரும் டெஸ்டரும் இல்லாமல் நோய் கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழியை நான் அறியேன்.

முன்விளக்கையும் ஊசி எண்ணிக் கொடுக்கும். 45 வாட் பல்பு இரண்டு என்றால் 90 வாட், அதை 12ஆல் வகுத்தால் ஏழரை அம்பியர். ஒருநாள் நாலுக்குக் குறைவாகக் காட்டினால் இறங்கிப் பாருங்கள், ஒரு கண் போயிருக்கும். சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, எல்லாம் அணைத்த பின்னும் ஊசி மைனஸ் ஒன்றில் நின்றால் எங்கோ கசிவு.

எல்லாவற்றிலும் கொடியது கட்-அவுட் ஒட்டிக்கொள்வது. டைனமோ கொடுக்கும் வோல்ட் பற்றரியைவிட உயரும்போது, ஏறத்தாழ 13 வோல்ட்டில், கட்-அவுட் எனும் காந்தச் சுவிட்ச் மூடி இரண்டையும் இணைக்கிறது. இயந்திரம் மெதுவாகும்போது மின் பின்னோக்கிப் பாயத் தொடங்கும், ஊசி சற்று மைனஸுக்குப் போகும், கட்-அவுட் திறக்கும், ஊசி பட்டென்று மீளும். அதன் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் திறக்காது. இயந்திரத்தை நிறுத்திய பின்பு பற்றரி டைனமோவை மோட்டாராகச் சுழற்றப் பார்க்கும். பெல்ட் பிடித்திருப்பதால் அது சுழலாது, மின் மட்டும் பாயும். சாவி கையில் இருக்கும், வண்டி அமைதியாக நிற்கும், ஊசி மட்டும் மைனஸ் ஓரத்தில் கிடக்கும். அதைக் கண்டால் யோசிக்க வேண்டாம், பற்றரியின் எர்த்தைக் கழற்றுங்கள். சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டியில் இந்தச் செய்தி புகையாகத்தான் வந்து சேரும். நிறுத்திவிட்டு இறங்கும் முன் ஊசியை ஒருமுறை பார்க்கும் பழக்கம் பழைய சாரதிகளுக்கு இருந்தது. அது வெறும் பழக்கம் அல்ல.

தடிப்பும் பிடிப்பும்

பழைய லூகாஸ் கம்பனி டைனமோக்களில் பரவலான சி40 வகை கொடுப்பது 22 அம்பியர். அதற்கு 30 வரை காட்டும் மீட்டர் தாராளம். இன்று பூட்டும் ஒல்டனேட்டரோ 35, 50, 60 என்று போகிறது. இறங்கிப்போன பற்றரியோடு ஸ்டார்ட் எடுத்தால் முழுவதையும் ஒரே மூச்சில் தள்ளும். பழைய மீட்டரும் பழைய வயரும் அதைத் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வாகன வயரை இழைக் கணக்கில் சொல்வார்கள். 28/0.30 என்றால் 0.30 மில்லிமீற்றர் இழைகள் 28, பரப்பு 2 சதுர மில்லிமீற்றர், 17.5 அம்பியருக்கு. 44/0.30 என்றால் 27.5 அம்பியர். 84/0.30 என்றால் 6 சதுர மில்லிமீற்றர், 42 அம்பியர். 120/0.30 என்றால் 60 அம்பியர். தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒல்டனேட்டரிலிருந்து டாஷ்போர்டுக்கு வந்து, அங்கிருந்து பற்றரிக்குத் திரும்பும் வழி எளிதாக ஐந்து மீற்றர் ஆகிவிடும். 6 சதுர மில்லிமீற்றர் செம்பில் 30 அம்பியர் அவ்வளவு தூரம் ஓடினால் 0.44 வோல்ட் வழியிலேயே கரையும். பாதிப் பரப்புள்ள வயர் என்றால் 0.88. ஒல்டனேட்டர் 14.2 கொடுத்தும் பற்றரி என்றும் அரைவயிறாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/029ஐ லொறியில் இழுத்திருப்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். பரப்பு ஏறத்தாழ 3 சதுர மில்லிமீற்றர்தான், கணக்குப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் அதில் இருப்பவை ஏழே தடித்த இழைகள். சுவருக்குள் அசையாமல் கிடக்கப் பிறந்த வயர் அது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மூடையோடு ஏறி இறங்கும் வண்டியின் அதிர்வில் ஆணிக்கு அருகே ஒவ்வொன்றாக முறியும். ஆறு முறிந்து ஒன்று மிஞ்சியிருக்கும்போது அந்த ஒன்று சிவக்கும். நிறங்களையும் நம்ப வேண்டாம். லூகாஸ் முறையில் பழுப்பு என்றால் பற்றரியின் பிரதான வழி, வெள்ளை இக்னிஷன் சுவிட்சிலிருந்து, பச்சை பியூசுக்குப் பின், கறுப்பு எர்த். எழுபது வருடம் பல கைகள் பட்ட வண்டியில் பச்சை வயர் எதற்கும் இருக்கலாம். வோல்ட்மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அம்மீட்டர் வழியில் தொழிற்சாலை பியூஸ் வைப்பது அபூர்வம். அதாவது டாஷ்போர்டின் இரும்புத் தகட்டுக்குப் பின்னால், பற்றரியோடு நேராக இணைந்த இரண்டு வெற்று ஆணிகள் இரவு பகலாக உயிரோடு நிற்கின்றன. ஆகவே பற்றரியின் எர்த்தை முதலில் கழற்றாமல் அங்கே கைவைப்பவரை என் பட்டறைக்குள் விடமாட்டேன். வயர் இரும்புத் தடுப்பைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். ஆணிகளின் மேல் மாட்ட ரப்பர் தொப்பி கிடைக்காவிட்டால் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகலாம், அவலட்சணமாக இருந்தாலும் வேலை செய்யும். வயரின் நுனியில் மாட்டும் லக் முனையை அதற்குரிய இடுக்கியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஈயத்தை மட்டும் நம்பினால், ஈயம் ஊறி முடியும் விளிம்பில் இழைகள் விறைத்து முறியும். கல்லடி, களுவாஞ்சிகுடி, நிந்தவூர் என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் பித்தளை பச்சை பூப்பது வேகம். ஆணியையும் லக்கையும் மெல்லிய எமரியால் தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாசலின் பூசுங்கள்.

பியூஸ் சேர்ப்பதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் கவனத்தோடு. அதைப் பற்றரிக்கு மிக அருகே வையுங்கள், ஒல்டனேட்டரின் உச்ச அளவைவிட நன்றாக மேலே வையுங்கள், வயரின் தாங்கும் திறனையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். ஓடும் ஒல்டனேட்டரிலிருந்து பற்றரி திடீரென்று துண்டிக்கப்பட்டால் வோல்ட் எகிறும். டயோட்களும் பல்புகளும் ஒரே கணத்தில் போகும். தளர்ந்த அம்மீட்டர் நட்டும் இதையே செய்யும். டைனமோ வண்டியில் சிறு தொல்லையாக இருந்த தளர்ந்த நட்டு, ஒல்டனேட்டர் வண்டியில் பெரும் செலவு.

ஒல்டனேட்டரின் மின்னைப் பழைய மீட்டர் தாங்காவிட்டால், 60 வரை காட்டும் மீட்டருக்கு மாறுவது நேரான வழி. இராக்காலத்தில் பத்து விளக்கோடு ஓடும் வண்டி என்றால் அம்மீட்டரையே விட்டுவிட்டு ஒரு வோல்ட்மீட்டர் பூட்டுங்கள் என்றுதான் சொல்வேன். இதையே ஆலை முதலாளியிடமும் சொன்னேன்.

“அது வாப்பா காலத்து மீட்டர் தம்பி. இருக்கட்டும்” என்றார்.

அப்படியானால் மிஞ்சியது பக்கவழி வெட்டுவது. வாய்க்காலில் நீர் மிகும்போது பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டிப் பாதியைத் திருப்புவதுபோல, அம்மீட்டரின் இரண்டு ஆணிகளையும் ஒரு தடித்த செம்பு வயரால் இணைக்கலாம். அந்த வயரின் தடையும் மீட்டருக்குள் இருக்கும் பட்டையின் தடையும் சமமானால் பாதி மின் மீட்டர் வழியாகவும் பாதி வெளியாகவும் போகும். எண்களை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும். மீட்டரின் தடை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இயந்திரத்தை நிறுத்தி, முன்விளக்கைப் போட்டு, ஊசி எட்டில் நிற்பதைக் குறித்துக்கொண்டோம். பிறகு பக்க வயரைக் கொஞ்சம் நீளமாக வெட்டிப் பூட்டினோம். ஆறு காட்டியது. மீட்டருக்குள் இன்னும் கூடுதலாகப் போகிறது, வயர் நீளம். குறைத்தோம், ஐந்து. மீண்டும் குறைத்தோம், நாலு. ஒவ்வொரு தடவையும் எர்த்தைக் கழற்றிப் பூட்டியதில் ஒரு பின்நேரம் முழுவதும் போயிற்று. இது துல்லியமான வேலை அல்ல. ஆணியின் பிடிப்பு சற்றே மாறினாலும் அளவு மாறும். பக்க வயர் தளர்ந்தால் முழு மின்னும் மீட்டர் மேல் விழும் என்ற ஆபத்தும் இருக்கிறது. அதனால் லக்குகளுக்கு மேல் பல்வாஷரும் இரட்டை நட்டும் போட்டோம்.

ஒல்டனேட்டரின் வயரை ஸ்டார்ட்டர் ஆணியிலிருந்து கழற்றி, 120/0.30 வயரால் அம்மீட்டரின் மறுபக்கத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கிருந்து பற்றரிக்குப் போகும் வழிக்கும் அதே வயர். பற்றரி முனையில் கொழுவியிருந்த பாட்டுப்பெட்டியையும் இந்தப் பக்கம் இழுத்தோம். ஸ்டார்ட் எடுத்தபோது ஊசி பிளஸ் ஒன்பதுக்கு ஏறியது, கணக்கில் பதினெட்டு. முன்விளக்கைப் போட்டபோது அசைந்துவிட்டு மீண்டும் பிளஸுக்கே வந்தது. சாரதிப் பையன் டாஷ்போர்டில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி “இரண்டால் பெருக்கு” என்று எழுதினான்.

முதல் நடை நெல் ஏற்றிக்கொண்டு திரும்பிய அன்று மாலையே வரச் சொல்லியிருந்தேன். எர்த்தைக் கழற்றிவிட்டு ஸ்பானரை வைத்தேன். பற்றரிப் பக்கத்து நட்டு இன்னும் கால் சுற்று இறங்கியது.